‘மாட்டிக்கும்’: விழுங்கப் பயந்த எட்டு வயதுச் சிறுமி – ஒரு நிகழ்வு ஆய்வு

தொண்டையில் உணவு சிக்கிவிடும் என்ற பயத்தோடு வந்த பல குழந்தைகளிடம் கண்டவற்றை ஒரே சிறுமியின் வரலாறாகச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. உணவளவு, கால அளவு, படிகளின் வரிசை, தவறிய இடங்கள் எல்லாம் நடைமுறையில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்தபோது

கடலூர் துறைமுகப் பகுதி. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வீட்டில் அம்மா, ஆயா (பாட்டி), பன்னிரண்டு வயது அண்ணன். சிறுமி அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஜனவரிக் கடைசியில் அழைத்து வந்தபோது எடை 19.4 கிலோ, உயரம் 122 செ.மீ. டிசம்பர்த் தொடக்கத்தில் பள்ளியில் எடுத்த எடை 22 கிலோ. ஏழு வாரத்தில் 2.6 கிலோ இறங்கியிருந்தது.

அம்மா சொன்ன முதல் வாக்கியம்: “பசிக்குதுன்னு அழுவுறா, தட்டு வெச்சா தள்ளிடுறா.” நோயை அடையாளம் காண இந்த ஒரு வாக்கியமே பாதி வழி. பசி இல்லாத குழந்தை இப்படி அழாது. எடை குறைய வேண்டும் என்று நினைக்கிற குழந்தை, அம்மாவிடம் தோசை சுடச் சொல்லி அதை மோந்து பார்த்துவிட்டு வைக்காது. இவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அன்றைய நிலையில் உள்ளே போனவை: பால், வடிகட்டிய கஞ்சி, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர். கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 700 முதல் 800 கலோரிக்குள். அந்த வயதுக்கு வேண்டியது சுமார் 1700. கடைசி ஒரு வாரமாக எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துப்பத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்துதான் வீட்டார் பயந்தார்கள்.

எப்படித் தொடங்கியது

ஒரு ராத்திரி கவளை மீன் குழம்பு. கவளையில் மயிர் போன்ற சிறுமுள் அதிகம். ஒன்று தொண்டையில் குத்தியது. ஆயா பழக்கப்படி வெறுஞ்சோற்றை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, “மெல்லாம அப்பிடியே முழுங்கு, முள்ளு எறங்கிடும்” என்று கொடுத்தார். இரண்டு உருண்டை போனது. மூன்றாவது பாதியில் நின்றது. சில விநாடி மூச்சு விட முடியாமல் கண் பிதுங்கி, பிறகு எல்லாமும் வாந்தியாக வந்தது. அண்ணன் கத்தினான், அம்மா முதுகில் அடித்தார், ஆயா தலையில் தட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவளைப் பயமுறுத்தியது முள் இல்லை, மூன்றாவது உருண்டை. முள் குத்தினால் வலிக்கும், அவ்வளவுதான். மெல்லாத உருண்டை மூச்சை நிறுத்தும். முள் சிக்கினால் சோற்று உருண்டை, வாழைப்பழம் விழுங்கச் சொல்வது நம் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கலாம், குழந்தைக்கு மூச்சடைப்பும் உண்டாக்கலாம். முள் குத்தி வலி நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி எடுப்பதே சரி.

மறுநாளும் தொண்டை உறுத்தியது. முள் இறங்கிப்போன பிறகும் அது கீறிய இடம் சில நாள் முள் இருப்பது போலவே உறுத்தும். ஆனால் அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை. மாறாக, தொக்கம் எடுக்க (உள்ளே தங்கிவிட்டதாக நம்பும் உணவை நாட்டு முறையில் எடுப்பது) இரண்டு முறை அழைத்துப் போனார்கள். இரண்டாம் முறை எடுப்பவர் ஒரு சிறிய மீன் துணுக்கைக் காட்டி, “இதுதான் உள்ள இருந்திச்சி” என்றார். வீட்டுக்கு நிம்மதி. குழந்தைக்கு நேர்மாறு. சாப்பிட்ட மீன் பல நாள் தொண்டையிலேயே தங்கும், தனக்கே தெரியாமல் தங்கும் என்று அன்று அவள் கற்றுக்கொண்டாள். அதற்கு முன் மீனை மட்டும் ஒதுக்கியவள், பிறகு சோறு, இட்லி, பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக விட்டாள். ஆயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் தனக்குத் தெரிந்த வழியில் பேத்தியைக் காப்பாற்றத்தான் பார்த்தார். பின்னால் சிகிச்சையில் அதிகம் உதவியவரும் அவர்தான்.

உடல் காரணம் இல்லை என்று உறுதிசெய்தது

பயம் என்று முடிவுகட்டும் முன் தொண்டையையும் உணவுக்குழலையும் பார்த்தாக வேண்டும். தொண்டை மருத்துவர் பார்த்ததில் முள் இல்லை, நாக்கின் அடிப்பகுதியில் ஆறிவரும் சிறு கீறல் மட்டும். எல்லா மீன் முள்ளும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாது. அதனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரே காரணத்தை வைத்து முள் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

100 மில்லி தண்ணீரை இருமல் இல்லாமல், குரல் மாறாமல் குடித்தாள். நெஞ்சில் உணவு நிற்பதாகச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல் வந்த வரலாறும் இல்லை. தண்ணீர்கூட இறங்க மறுப்பது, குடிக்கும்போதெல்லாம் இருமல், நெஞ்சுக்குள் அடைப்பு, செரிக்காத உணவு அடிக்கடி திரும்பி வருவது, வாயோரம் எச்சில் வழிவது, ஒரே பக்கம் குத்தும் வலி – இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பேரியம் படமோ (பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே) எண்டோஸ்கோப்பியோ தேவைப்படலாம். உணவுக்குழலில் ஒவ்வாமையால் வரும் அழற்சி சில குழந்தைகளிடம் ‘சாப்பாட்டுப் பயம்’ மாதிரியே தோன்றும்.

நாடி 68, ரத்த அழுத்தம் சரி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் இல்லை, ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரியான அளவில். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிப்பதன் அடையாளம்) லேசாக இருந்தது. நாடி 50க்குக் கீழ் போயிருந்தாலோ, தண்ணீரும் வேண்டாம் என்றிருந்தாலோ படுக்கையில் சேர்த்திருப்போம். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு) ‘ஆர்ஃபிட்’ என்று பெயரிட்ட உணவுத் தவிர்ப்புக் கோளாறில் மூன்று வகை குழந்தைகளைப் பார்க்கலாம்: சுவையும் பதமும் பிடிக்காதவர்கள், சாப்பாட்டில் நாட்டமே இல்லாதவர்கள், சாப்பிட்டால் கெட்டது நடக்கும் என்று பயப்படுகிறவர்கள். இவள் மூன்றாம் வகை. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

ஒரு மருந்தை முதல் நாளே நிறுத்தினோம். பசி எடுக்க என்று கடையில் வாங்கிய சிப்ரோஹெப்டடின் சிரப். இவளுக்குப் பசி இருந்தது. அந்த மருந்து தூக்கத்தையும் கொடுக்கும், வாயையும் உலர்த்தும். விழுங்கப் பயப்படும் குழந்தைக்கு உலர்ந்த வாய் போலக் கெடுதல் வேறில்லை.

நான்கு சொற்கள்

அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் இருந்தது: “மாட்டிக்கும்.” இருமினாலும் அது, குமட்டினாலும் அது, தொண்டை இறுகினாலும் அது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பது பெரிய வசதி. முதல் இரண்டு அமர்வில் பாதி நேரம் அந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டுவதிலேயே போனது.

புரையேறுவது என்றால் ஒரு துளியோ பருக்கையோ மூச்சுக்குழல் வாசலுக்குப் போனது, இருமல் அதை வெளியே தள்ளுகிறது. சத்தம் வருகிறதென்றால் காற்று போய்வருகிறது. ஓங்கரிப்பு என்றால் நாக்கின் பின்பக்கம் தொட்டதை உடம்பு முன்னுக்குத் தள்ளுவது. அது காவல்காரன் வேலை. தொண்டை இறுக்கம் என்றால் பயத்தில் தசை இறுகுவது. அங்கே உணவே இருக்காது. நான்காவதுதான் உண்மையான அடைப்பு. அதில் இருமலும் வராது, அழுகையும் வராது, பேச்சும் வராது. “நீ ‘மாட்டிக்கிச்சி’ன்னு வாயால சொல்ல முடிஞ்சா, மாட்டிக்கலன்னு அர்த்தம்” என்று சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “அன்னிக்கி என்னால சொல்ல முடியல” என்றாள். ஆம், அன்று நடந்தது உண்மை. அதை மறுக்கவே கூடாது. ‘ஒண்ணும் ஆவாது’ என்று மழுப்பினால், நடந்ததை நேரில் அனுபவித்த குழந்தை அதற்குமேல் நாம் சொல்லும் எதையும் நம்பாது.

அடுத்து ஒரு சோதனை. ஆயாவின் தொண்டைச் சங்கில் சிறுமியின் விரலை வைக்கச் சொல்லி, ஆயாவை எச்சில் விழுங்கச் சொன்னோம். சங்கு மேலே ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது. ஏறும் அந்த ஒரு விநாடியில் மூச்சுக்குழலின் வாசல் மூடிக்கொள்கிறது, அப்போது மூச்சும் நிற்கிறது. பிறகு எல்லாரும் தண்ணீர் இல்லாமல் தொடர்ந்து ஐந்து முறை விழுங்கிப் பார்த்தோம். நான்காவதில் அப்பா திணறினார், ஐந்தாவது யாருக்கும் வரவில்லை. யார் தொண்டையிலும் எதுவும் அடைக்கவில்லை, விழுங்க எச்சில் தீர்ந்துபோனது, அவ்வளவே. அரை நிமிடம் காத்திருந்தால் திரும்ப வந்தது. “அப்பாவுக்கும் வரல!” என்று அவள் சிரித்தது ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு என்றார் அம்மா. துண்டில் துப்புவது அந்த வாரத்திலேயே நின்றது.

காவல்களைக் கழற்றுவது

இந்த நோயை ஆறாமல் வைத்திருப்பது பயம் மட்டுமில்லை. பயத்துக்குக் குழந்தை வைக்கும் காவலும், குடும்பம் சேர்ந்து வைக்கும் காவலும்தான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், கஞ்சியை மிக்ஸியில் அடித்து மேலும் வடிகட்டுவது, 40 முறை மெல்வது, விரலால் பிசைந்து தேடுவது, அம்மா எதிரில் உட்கார்ந்து தொண்டையையே பார்ப்பது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும் ‘தண்ணி குடிச்சதால தப்பிச்சேன்’ என்று மனம் கணக்கெழுதும். தொண்டைக்கு அந்தப் பெயர் போகவே போகாது. தண்ணீருக்கு இன்னொரு கெடுதலும் உண்டு: திடத்தையும் நீரையும் ஒரே வாயில் சேர்த்து விழுங்குவது, தனித்தனியாக விழுங்குவதைவிடக் கடினம். நீர் முந்தி ஓடும், புரையேறும்.

அதிகம் மெல்வதும் அப்படித்தான். வாயில் நடப்பது நம் விருப்பத்தில் உள்ள வேலை, தொண்டைக்குள் நடப்பது தானாக நடப்பது. இரண்டுக்கும் நடுவில் நின்று குழந்தை ‘இப்ப போவுமா’ என்று பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக நடப்பதும் தடுமாறும். அதனால் 12 முதல் 15 முறை மென்றதும் அனுப்பிவிட வேண்டும் என்று வைத்தோம். வீட்டில் சொல்ல ஒரே வாய்ப்பாடு: “கடி, மெல்லு, அனுப்பு.” ‘முழுங்கு முழுங்கு’ என்ற சொல்லை முழுவதும் நிறுத்தச் சொன்னோம். மூன்றாவது உருண்டையோடு வந்த சொல் அது.

சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தது பெரிய பலன் தந்தது. ‘வயித்துச் சாப்பாடு’ அவளுக்குப் பயமில்லாத நீராகாரம், நாளைக்கு ஆறு வேளை. வேளைக்கு 25 நிமிடம், அதற்குமேல் தட்டை எடுத்துவிட வேண்டும். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. சத்து ஏற்ற, ராகிக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய், பாலில் இரண்டு தேக்கரண்டி முந்திரிப் பொடி. பண்ருட்டிப் பக்கம் உடைந்த முந்திரி மலிவாகக் கிடைக்கும். மாவாகவே அரைக்க வேண்டும், நறநறப்பு இருக்கக் கூடாது. ‘பழக்கச் சாப்பாடு’ தனி: பள்ளி விட்டு வந்ததும் மாலை நாலரைக்கு, 15 நிமிடம் மட்டும். வயிறு நிரம்ப வேண்டிய கட்டாயம் அதில் இல்லாததால் பயத்தை எதிர்கொள்ள இடம் கிடைத்தது.

பயத்தை அளக்கப் பத்துப் புளியங்கொட்டை. ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் எத்தனை கொட்டை பயம் என்று கிண்ணத்தில் போட வேண்டும். (வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், காகிதத்தில் புள்ளி போதும். புளியங்கொட்டையும் வேர்க்கடலையும் குழந்தைகளின் மூச்சுக்குழலில் உண்மையாகவே போய் அடைப்பவை.) ஒரே படியில் தொடர்ந்து இரண்டு நாள் மூன்று கொட்டைக்குக் கீழ் இறங்கினால்தான் அடுத்த படி.

படிகள் இப்படிப் போயின. மோர் 100 மில்லி, இடையில் நிறுத்தாமல். வடிகட்டாத ராகிக் கஞ்சி, ஐந்து கரண்டி. பருப்பு சாதம், மிக்ஸி இல்லாமல் மத்தால் மட்டும் மசித்தது. சாம்பாரில் ஊறிய இட்லி: முதலில் துவரம்பருப்பு அளவு, பிறகு கொண்டைக்கடலை, சுண்டைக்காய், கடைசியில் சின்ன நெல்லிக்காய் அளவு. அதே இட்லி தண்ணீர் இல்லாமல். தோசையின் மெத்தென்ற நடுப்பகுதி, பிறகு முறுவலான ஓரம். உதிர் சாதம். முட்டை வெள்ளை, அடுத்து மஞ்சள். சப்பாத்தி. முடிவில் மீன். தண்ணீரை ஒரு வாய்க்கு ஒரு மடக்கிலிருந்து மூன்று வாய்க்கு, பிறகு ஐந்து வாய்க்கு ஒன்று என்று குறைத்து, எட்டாம் வாரம் சாப்பிட்டு முடித்த பிறகு மட்டும் என்று வந்தது.

பரிசு உண்டு. ஆனால் முயன்றதற்கு, முடித்ததற்கு இல்லை. வாயில் வைத்துத் துப்பினாலும் ஒட்டுப்படம் கிடைக்கும். ஐந்து ஒட்டுப்படம் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரை. தின்பண்டத்தைப் பரிசாக வைக்கக் கூடாது, அது திரும்பவும் உணவைப் பேரமாக்கும்.

சறுக்கிய இடங்கள்

இரண்டாம் வாரம் எடை 19.2க்கு இறங்கியது. அம்மா கலங்கிப்போனார். வடிகட்டுவதை நிறுத்தியதில் கஞ்சியின் அளவு குறைந்திருந்தது. அதனால் பழக்கச் சாப்பாட்டில் மட்டும் வடிகட்டாதது, வயித்துச் சாப்பாட்டில் பழையபடி என்று மாற்றியதும் எடை இறங்குவது நின்றது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லாதது சிகிச்சையில் நேர்ந்த பிழை.

நாலாம் வாரம் பெரிய சறுக்கல். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்ற ஆசையில் அம்மா மசித்த சாதத்துக்குள் மசிக்காத உருளைக்கிழங்குத் துண்டை மறைத்து வைத்துவிட்டார். கட்டி நாக்கில் பட்டதும் ஓங்கரிப்பு. அன்று ஒன்பது கொட்டை. மூன்று படி பின்னுக்குப் போக வேண்டியதாயிற்று, பத்து நாள் வீண். பயந்த குழந்தைக்குத் தெரியாமல் எதையும் கலக்கக் கூடாது. எது தட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கை போனால் அதற்குமுன் பாதுகாப்பாக இருந்த உணவும் சேர்ந்து போய்விடும். அம்மா அவளிடம், “இனிமே சொல்லாம வெக்க மாட்டேன் பாப்பா” என்று நேரடியாகச் சொன்ன பிறகே மீண்டும் நகர்ந்தது.

ஆறாம் வாரம், நாங்கள் காத்திருந்த ஒன்று நடந்தது. பள்ளியில் காலைச் சிற்றுண்டி உப்புமா சாப்பிடும்போது புரையேறியது. வகுப்பாசிரியருக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம்: இருமினால் முன்னால் குனிய விடுங்கள், தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம், இருமல் தன் வேலையைச் செய்யட்டும். சத்தமில்லாமல் திணறினால் மட்டும் முன்னால் சாய்த்து, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி, சரியாகாவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் கைமுஷ்டி வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி, 108க்கு அழைப்பு. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவ வேண்டாம். (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பில்.) இந்த முறையை வீட்டில் நால்வருக்கும் தலையணையை வைத்துப் பழக்கியிருந்தோம். பெரியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்ததும் அவர்கள் முகத்திலிருந்த பதற்றம் குறைந்தது, குழந்தை அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவள் ஐந்தாறு முறை இருமினாள், கண்ணில் நீர் வந்தது, நின்றது. ஆசிரியர், நாங்கள் சொல்லியிருந்தபடி, அரை மணி கழித்து அதே உப்புமாவில் இரண்டு கரண்டி சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டாள். மாலையில் அவளே வந்து சொன்னாள்: “பொரையேறிச்சி, மாட்டிக்கல.” நான்கு சொல்லில் ஒன்றைச் சரியான இடத்தில் போட்டிருந்தாள். அதே நாளில் அதே உணவு என்பது முக்கியம். ஒரு ராத்திரி விட்டால் பயம் கெட்டிப்பட்டுவிடும்.

சத்துணவு முட்டையின் மஞ்சள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அது உலர்ந்தது, அண்ணத்தில் ஒட்டும், எச்சிலை உறிஞ்சும். பெரியவர்களுக்கும் விக்கும். ‘பயப்படாதே’ என்று சொல்லாமல் அதன் இயல்பைச் சொல்லி, சாம்பாரில் தோய்த்து, கால் பகுதியாகத் தொடங்கினோம். ஒன்பது நாள் ஆனது.

மீன்

பதினொன்றாம் வாரம் ஏப்ரல் நடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில். அப்பா வீட்டில் இருந்தார். தடைக்குள் வராத சிறு படகுகளில் வந்த கிழங்கான் மீனை அவரே வாங்கி வந்தார். சதை மெத்தென்று, நடுமுள்ளோடு சுலபமாகக் கழன்று வரும். முதல் இரண்டு நாள் அவள் சாப்பிடவே இல்லை. அப்பாவோடு உட்கார்ந்து வேகவைத்த மீனின் நடுமுள்ளை முழுசாக உருவியெடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பது மட்டுமே வேலை. மூன்றாம் நாள் சுண்டைக்காய் அளவு சதையை, இரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வாயில் போட்டாள். எட்டுக் கொட்டையில் தொடங்கி ஐந்தில் முடிந்தது. ஐந்தாம் நாள் இரண்டு.

இரு விரலால் அழுத்திப் பார்ப்பதைக் கழற்றவில்லை. கடற்கரை வீட்டில் மீன் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். முள்ளுள்ள உணவில் ஒரு முறை தேடுவது கவனம். முள்ளே இல்லாத தயிர்சாதத்தில் தேடினால் அது பயம். இந்தக் கோட்டை ஆயாதான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வாரமும் அதன் பிறகும்

பத்து அமர்வுகள். எடை ஐந்தாம் வாரம் 19.9, எட்டாம் வாரம் 20.6, பன்னிரண்டாம் வாரம் 21.7. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. தூக்கம் கெட்டிருந்தாலோ, பயம் பள்ளி, தனிமை என்று மற்றவற்றுக்கும் பரவியிருந்தாலோ குழந்தை மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்டிருப்போம். தொலைவில் இருப்பவர்கள் யாரைப் பார்ப்பதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மூன்று மாதம் கழித்து 22.8 கிலோ. வீட்டில் எல்லாரோடும் ஒரே பானைச் சோறு, தண்ணீர் கடைசியில். இடையில் காய்ச்சலில் தொண்டை வலித்தபோது இரண்டு நாள் கஞ்சிக்குப் போனாள். அம்மா குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருந்த படிகளின் தாளைப் பார்த்து இட்லிப் படியிலிருந்து தொடங்கி நாலு நாளில் மேலே கொண்டு வந்துவிட்டார். கவளை மீனை மட்டும் அவள் இன்னும் தொடுவதில்லை. அதைப் படியில் சேர்க்கவும் இல்லை.